மூலிகைப் பயிர்களில் நடவு முறை மாறினால் விளைச்சல் எந்த அளவுக்கு மாறும்?

கேள்வி – எழுதியவர்: புதுவயல்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த பருவத்தில் அரை எக்டேர் நிலத்தில் மூன்று மூலிகைப் பயிர்களைச் சாகுபடி செய்யத் திட்டமிட்டிருக்கிறேன். வேருக்காக அமுக்கரா என்னும் அஸ்வகந்தா, தழைக்காக நிலவேம்பு, கிழங்குக்காக மருந்துக் கூர்க்கன் ஆகியவை அவை. நிலம் வடிகால் வசதியுள்ள செம்மண். நீர்ப்பாசனம் உண்டு, ஆனால் தாராளமாகக் கிடையாது.

நடவு முறையைப் பற்றிப் படித்தவையும் கேட்டவையும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. அமுக்கராவை நேரடியாக விதைத்தால்தான் வேர் நன்றாக இறங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் விதையும் மிச்சம், களையும் குறைவு, செடியும் செழிப்பாக வரும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நிலவேம்பைப் பொறுத்தவரை நாற்று நடவே சிறந்தது என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். இடைவெளி பற்றிக் கேட்டால் மட்டும் 15 சென்டிமீட்டரிலிருந்து 60 சென்டிமீட்டர் வரை ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். கூர்க்கனில் நுனித்தண்டை நேரே வயலில் ஊன்றலாமா, வேர்விடச் செய்து பிறகு நடலாமா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

எனவே என் கேள்வி இதுதான். நடவு முறை என்று நாம் சொல்லும் இந்த விஷயத்தில், அதாவது விதைப்பா நாற்றா தண்டா என்பதிலும், இடைவெளியிலும், மேட்டுப்பாத்தியா சமநிலமா என்பதிலும், விளைச்சலை உண்மையில் தீர்மானிப்பது எது? ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியே பரிந்துரைகளை மனப்பாடம் செய்வதைவிட, அந்தப் பரிந்துரைகளுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். காரணம் தெரிந்தால் என் மண்ணுக்கு ஏற்றபடி நானே முடிவெடுக்க முடியும் அல்லவா?


மறுமொழி – எழுதியவர்: ஆணிவேர்

காரணத்தைக் கேட்டது நல்லது, நண்பரே. மூலிகைச் சாகுபடியில் பரிந்துரைகள் முரண்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான் உண்டு: ஒவ்வொருவரும் ‘விளைச்சல்’ என்ற சொல்லால் ஒவ்வொன்றை அளக்கிறார்கள். ஒருவர் பிடுங்கிய செடியின் பச்சை எடையைச் சொல்கிறார். இன்னொருவர் உலர்ந்த வேரின் எடையைச் சொல்கிறார். மூன்றாமவர் ஆய்வகத்தில் கண்ட மருந்துக்கூற்றின் விழுக்காட்டைச் சொல்கிறார். நெல்லில் மணியின் எடையை அளந்தால் வேலை முடிந்தது. மூலிகையில் எந்த உறுப்பு மருந்தாகப் பயன்படுகிறதோ அந்த உறுப்பின் உலர் எடை, அதற்குள் இருக்கும் மருந்துக்கூற்றின் அளவு, இவை இரண்டின் பெருக்கற்பலன்தான் ஒரு பரப்பின் உண்மையான விளைச்சல். நடவு முறை இந்த இரண்டையும் தனித்தனியே பாதிக்கிறது. சில வேளைகளில் எதிரெதிர்த் திசையில் பாதிக்கிறது.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு பாத்தியில் 10 கிலோ உலர் தழை கிடைத்து, அதில் மருந்துக்கூறு 2 விழுக்காடு இருந்தால் 200 கிராம் கிடைக்கிறது. வேறு முறையில் நட்ட பாத்தியில் 12 கிலோ தழை கிடைத்து, கூறு 1.5 விழுக்காடாக இறங்கிவிட்டால் 180 கிராம்தான். எடையை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது முறையைப் பாராட்டுவார். மருந்தைப் பார்ப்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுப்பார். இருவருமே தாம் அளந்ததைச் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள்.

இனி அமுக்கராவுக்கு வருகிறேன், ஏனெனில் நடவு முறையின் விளைவு மிகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும் பயிர் அதுதான். அமுக்கராவின் மருந்துப்பகுதி அதன் ஆணிவேர். விதை முளைத்தவுடன் தண்டு மேலே நீள்வதற்கு முன்பே ஆணிவேரின் நுனி கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. நாற்றங்காலில் நெருக்கமாக வளர்த்து, ஐந்து ஆறு வாரம் கழித்துப் பிடுங்கும்போது அந்த நுனி பெரும்பாலும் அறுந்துவிடும். நுனி அறுந்த வேர் நேராக நீளாது. அறுந்த இடத்துக்கு மேலிருந்து இரண்டு மூன்று பக்கவேர்கள் கிளம்பி, அவை ஒவ்வொன்றும் பருக்க முயலும். அறுவடையில் மொத்த எடை பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். ஆனால் வேரைத் தரம் பிரிக்கும்போது நீளம், பருமன், கிளையில்லாமை, முறித்தால் உள்ளே வெண்மையாக மாவுத்தன்மையோடு இருத்தல் ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். கவைத்த வேர் கீழ்த்தரத்துக்குப் போகும். சிறு வேர்கள் உலர்த்தும்போதும் கட்டும்போதும் ஒடிந்து சேதாரமாகும். ஆகவே நாற்று நட்ட வயலில் செடி செழிப்பாகத் தெரிவதும் உண்மை, நேரடி விதைப்பில் வேர் நன்றாக இறங்குவதும் உண்மை. மேலே தெரியும் செழிப்பை வைத்து வேர்ப்பயிரை மதிப்பிட முடியாது.

நேரடி விதைப்பிலும் இரண்டு வகை உண்டு. தூவி விதைத்தால் எக்டேருக்கு 10 முதல் 12 கிலோ வரை விதை செலவாகும். முளைப்பு திட்டுத்திட்டாக இருக்கும். 30 சென்டிமீட்டர் வரிசைகளில் ஆழமில்லாமல் விதைத்து, 25 அல்லது 30 நாளில் மிகுதிச் செடிகளைப் பிடுங்கிப் பயிர் கலைத்துச் செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் அளவில் நிறுத்தினால், எக்டேருக்கு ஏறத்தாழ 3,33,000 செடிகள் நிற்கும். இந்தப் பயிர் கலைப்பைப் பலர் வீண்வேலை என்று கருதி விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் வேர்கள் விரல் பருமனுக்கு வராமல் குச்சியாக நின்றுவிடும். மறுபுறம், இடைவெளியை அளவுக்கு மீறி அகலமாக்கினால் ஒவ்வொரு வேரும் பருத்து, கிளைத்து, நார்த்தன்மை கூடி, பரப்புக்கான எடையும் குறையும். தனிச்செடியின் வேர் எடை மிக அதிகமாக இருக்கும் இடைவெளியும், ஒரு சதுர மீட்டரின் வேர் எடை மிக அதிகமாக இருக்கும் இடைவெளியும் ஒன்றல்ல என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது எப்போதும் முதலாவதைவிட நெருக்கமானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேரடியாக விதைத்தும் வேர் கவைத்துவிட்டது என்று சிலர் வருந்துவதுண்டு. உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய மண்ணடுக்கு இருந்தாலோ, கற்கள் இருந்தாலோ, மக்காத தொழுவுரம் கட்டிகளாகக் கிடந்தாலோ, ஆணிவேர் முட்டி நின்று கிளைக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் நடவு முறையை மாற்றுவதால் பயனில்லை. முதலில் ஆழ உழுது, மக்கிய உரத்தை மட்டும் இட்டு, மேட்டுப்பாத்தியோ, வரிசையாக மண்ணைக் குவித்த வரப்பு போன்ற பாரோ அமைக்க வேண்டும். உயர்த்திய பாத்தியில் வேருக்குத் தளர்ந்த மண் கூடுதல் ஆழத்துக்குக் கிடைக்கிறது, மழைநீரும் தேங்காது, அறுவடையில் வேர் ஒடியாமல் வெளிவரும். இந்தக் கடைசிப் பயன் சிறியதல்ல. ஒடிந்து மண்ணிலேயே தங்கிவிடும் வேரும் நாம் இழக்கும் விளைச்சல்தான்.


மறுமொழி – எழுதியவர்: குழித்தட்டு

ஆணிவேர் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாற்று நடவை மொத்தமாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் சொல்லும் சேதம் பாத்தி நாற்றங்காலில் வளர்த்து, வயது முதிர்ந்த பிறகு, வெற்றுவேரோடு பிடுங்கி நடும் முறைக்குப் பொருந்தும். குழிக்கு ஒரு நாற்றாக வளர்க்கும் ஆழமான குழித்தட்டுகளில் வளர்த்து, வேர் அடியைத் தொட்டுச் சுருளத் தொடங்குவதற்கு முன்பே, நான்கு இலைப் பருவத்தில் மண்கட்டியோடு எடுத்து நட்டால் சேதம் வெகுவாகக் குறைகிறது. ஆழமற்ற தட்டில் நாள் கடந்து வைத்திருந்தால் வேர் அடியில் வட்டமிட்டுச் சுருண்டு, நட்ட பிறகும் அதே வளைவோடு பருத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நேரடி விதைப்புக்கு ஒரு முன்தேவை இருக்கிறது. அதைப் பற்றிப் பரிந்துரைகள் அதிகம் பேசுவதில்லை. முதல் 30 அல்லது 40 நாள் வயல் களையில்லாமல் இருக்க வேண்டும். மூலிகை விதைகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. நாற்றும் தொடக்கத்தில் மிக மெதுவாக வளரும். கோரையும் அறுகும் மண்டிய நிலத்தில் அமுக்கராவை நேரடியாக விதைத்தால், களை எடுக்கும்போதே பாதிப் பயிர் போய்விடும். மீதிச் செடிகளின் வேர் எவ்வளவு நேராக இருந்தாலும், எண்ணிக்கை இல்லாத வயலில் விளைச்சல் வராது. வேரின் வடிவத்தையும் செடிகளின் எண்ணிக்கையையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். நிலம் சுத்தமாகவும் மண் பொலபொலப்பாகவும் இருந்தால் நேரடி விதைப்பு. களை கட்டுக்கடங்காது என்றால் இளம் குழித்தட்டு நாற்று. இதுதான் என் கருத்து.

விதையால் வளர்ந்த செடிக்கும் தண்டால் வளர்ந்த செடிக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேருக்காக வளர்க்கும் மூலிகையான சர்ப்பகந்தாவை விதை, வேர்த்துண்டு, தண்டுத்துண்டு ஆகிய மூன்றாலும் பெருக்கலாம். விதைச் செடியே ஆழமான ஆணிவேரையும் அதிக வேர் எடையையும் தருகிறது. தண்டுத்துண்டில் சல்லிவேர்த் தொகுதிதான் உண்டாகிறது. ஆனால் சர்ப்பகந்தாவின் விதை முளைப்பு குறைவு, அதுவும் சீராக இருக்காது. எனவே புதிதாகப் பறித்த விதையைத் தேடிப் பெற்று நாற்றங்காலில் கூடுதலாக விதைத்துத்தான் தேவையான எண்ணிக்கையை அடைய முடிகிறது. அதில் வியப்பான ஒன்று, மருந்துக்கூற்றின் பெரும்பகுதி வேர்ப்பட்டையில்தான் இருக்கிறது. மிகப் பருத்த வேரில் கட்டைப்பகுதியின் பங்கு கூடிப் பட்டையின் பங்கு குறைவதால், ‘வேர் பருக்கப் பருக்க நல்லது’ என்ற பொது எண்ணம் அங்கே முழுமையாகப் பொருந்தாது.


மறுமொழி – எழுதியவர்: பசுந்தழை

நிலவேம்பைப் பற்றி நான் எழுதுகிறேன். இது தழைப்பயிர் ஆதலால் மேலே வேருக்குச் சொல்லப்பட்ட கவலைகள் இதற்குக் கிடையா. நாற்றைப் பிடுங்கும்போது வேர் நுனி அறுந்தால், பக்கவேர்கள் பெருகிச் செடி விரைவில் தேறிவிடும். மேலும் இதன் விதை மிகச் சிறியது, புதிய விதையில் உறக்கநிலை உண்டு, முளைப்பும் ஒரே நேரத்தில் வராது. வயலில் நேரடியாக விதைத்தால் மழையில் அடித்துச் செல்லப்படுவதும் மண்ணில் ஆழப் புதைவதும் அதிகம். நாற்றங்காலில் மணலோடு கலந்து மேலாகத் தூவி, மெல்லிய மக்கிய எருவால் மூடி, பூவாளியால் நீர் தெளித்து வளர்த்தால் சீரான நாற்றுகள் கிடைக்கும். பெரும்பாலோர் நாற்று நடவில் உடன்படுவதற்குக் காரணம் இதுதான்.

இடைவெளிக் குழப்பத்துக்கு விடை இலைக்கும் தண்டுக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. நிலவேம்பின் கசப்புக்கூறான ஆண்ட்ரோகிராபோலைடு தண்டைவிட இலையில்தான் அதிகம். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒவ்வொரு செடியும் நன்கு கிளைத்துக் குடைபோல விரியும். ஆனால் பாதி நிலம் வெயிலில் வெறுமையாகக் கிடக்கும், களையும் அங்கேதான் வரும். 30 க்கு 15 சென்டிமீட்டரில், அதாவது வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 15 என்று நட்டால் எக்டேருக்கு ஏறத்தாழ 2,22,000 செடிகள் நின்று, இலைப்பரப்பு விரைவில் நிலத்தை மூடிவிடும். அதற்கும் நெருக்கமாகப் போனால், செடிகள் ஒளிக்காகப் போட்டியிட்டு உயரமாக நீண்டு, நிழலில் சிக்கிய கீழ் இலைகளை உதிர்க்கத் தொடங்கும். அறுக்கும்போது பச்சை எடை கனமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் தண்டின் பங்கு கூடியிருக்கும். முழுச்செடியை உலர்த்தி எடைபோடுபவர் மிக நெருக்கமான நடவைப் பரிந்துரைப்பதும், இலையைப் பிரித்து எடைபோடுபவர் சற்று அகலமான நடவைப் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

ஒரே முறை அறுத்துவிடுவதாக இருந்தால் 30 க்கு 15 பொருத்தம். அடியில் கொஞ்சம் விட்டு அறுத்து மறுதாம்பு எடுப்பதாக இருந்தால், துளிர்க்கும் செடிக்கு இடம் வேண்டும் என்பதால் 30 க்கு 30 வரை போகலாம். அப்போது எக்டேருக்கு 1,11,000 செடிகள். மண் வளமும் நீரும் குறைவாக இருந்தால் செடி சிறுத்து நிற்கும். ஆகவே நெருக்கமாக நடலாம். வளமான மண்ணில் அதே இடைவெளி நெருக்கடியாகிவிடும். உங்களுக்கு நீர் தாராளமாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எனவே 30 க்கு 15 இல் தொடங்குவது பாதுகாப்பானது.

நடவு நாளையும் இடைவெளியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நிலவேம்பில் பூக்கத் தொடங்கும் கட்டத்தில் இலையில் மருந்துக்கூறு உச்சத்தில் இருக்கும். காய் பிடித்த பிறகு இலையும் உதிரும், கூறும் இறங்கும். பருவம் தவறிப் பிந்தி நட்ட நாற்றுகள் போதிய இலை வைப்பதற்கு முன்பே பூத்துவிடும். பிந்தி நட நேர்ந்தால் இடைவெளியைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது ஓரளவுக்கு ஈடுசெய்யும். எண்ணெய்க்காக வளர்க்கும் புதினா வகைகளிலும் இதே உத்தியைக் கையாள்கிறார்கள். எண்ணெய் இலையில் இருப்பதால், வளர்ச்சிக்காலம் குறைந்ததைச் செடிகளின் எண்ணிக்கையால் நிரப்புகிறார்கள்.

கீழாநெல்லி போன்ற குட்டையான, முழுச்செடியாகப் பயன்படும் பயிர்களுக்கு இந்த இழுபறி அவ்வளவாக இல்லை. 15 க்கு 10 சென்டிமீட்டர் நெருக்கத்தில் நட்டு, 80 முதல் 100 நாளில் செடி பசுமையாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.


மறுமொழி – எழுதியவர்: நுனிக்குச்சி

மருந்துக் கூர்க்கனைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இதை விதையால் வளர்த்தால் செடிக்குச் செடி குணம் மாறும். போர்ஸ்கோலின் என்னும் மருந்துக்கூறும் மாறும். எனவே நல்ல விளைச்சல் தந்த, வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுக்களின் தாக்குதல் இல்லாத தாய்ச்செடியின் நுனித்தண்டுகளைத்தான் எடுக்க வேண்டும். 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும் மூன்று நான்கு இணை இலைகளும் இருந்தால் போதும். தண்டின் அடிப்பகுதியையோ முற்றிய கட்டையையோ நட்டால் வேர் பிடிப்பது தாமதமாகும்.

நேரே ஊன்றுவதா, வேர்விடச் செய்து நடுவதா என்று கேட்டீர்கள். மண்ணில் ஈரம் குறையாமல் இருக்கும் மேகமூட்டமான நாட்கள் கிடைத்தால் நேரே ஊன்றலாம், ஒரு வேலை மிச்சம். உங்களைப்போல நீர் தாராளமாக இல்லாதவர்கள் நிழலில் மூன்று நான்கு வாரம் வேர்விடச் செய்து நடுவதே நல்லது. ஏனெனில் நேரே ஊன்றியதில் ஐந்தில் ஒன்று காய்ந்தாலும், நிரப்பு நடவு செய்த செடிகள் பிந்திப்போய், அறுவடை நாளில் அவற்றின் கிழங்கு சிறுத்தே இருக்கும்.

பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் 60 க்கு 45 சென்டிமீட்டரில் நடுங்கள். எக்டேருக்கு ஏறத்தாழ 37,000 செடிகள். இந்தப் பயிருக்குச் சமநில நடவு ஆகாது என்று உறுதியாகச் சொல்வேன். கிழங்குகள் தண்டின் அடியைச் சுற்றி மேல்மண்ணில்தான் திரள்கின்றன. நீர் ஒரு நாள் தேங்கினாலும் வேரழுகல் நோய் தொற்றி, கைக்கு வந்த கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். பாரில் நட்டு, களை எடுக்கும்போதெல்லாம் மண் அணைத்து, பூங்கதிர்களைக் கிள்ளிவிட்டால் செடி தன் ஆற்றலைக் கிழங்குக்குத் திருப்பும். ஐந்து ஆறு மாதத்தில் அறுவடை செய்யலாம். நூற்புழு ஏற்கெனவே உள்ள நிலத்தில் எந்த நடவு முறையும் காப்பாற்றாது. கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவை முந்தைய பருவத்தில் நின்ற இடமாக இருந்தால் அந்தத் துண்டைத் தவிர்த்துவிடுங்கள்.


மறுமொழி – எழுதியவர்: கொடிப்பந்தல்

கேட்கப்பட்ட மூன்று பயிர்களுக்கு வெளியே போகிறேன் என்றாலும், கேள்வி காரணத்தைப் பற்றியது என்பதால் கண்வலிக்கிழங்கைக் குறிப்பிட விரும்புகிறேன். இதில் நடுவது ஓர் உறுப்பு, அறுவடை செய்வது வேறோர் உறுப்பு. கிழங்கை நட்டு விதையை எடுக்கிறோம். கலப்பை வடிவில் இரு கிளையாக இருக்கும் கிழங்கின் ஒவ்வொரு நுனியிலும்தான் முளை இருக்கிறது. எடுத்துச் செல்லும்போதும் நடும்போதும் அந்த நுனி உடைந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. சிறிய கிழங்கை நட்டால் முதல் ஆண்டில் கொடி மட்டும் வரும், பூ வராது. ஆகவே நடவுக் கிழங்கின் எடையே முதல் ஆண்டு விளைச்சலைத் தீர்மானித்துவிடுகிறது. ஒவ்வொன்றும் 50 கிராமுக்குக் குறையாமல் தேர்ந்தெடுப்பது நல்லது.

இடைவெளியும் பந்தலும் இங்கே வேறொரு காரணத்துக்காக முக்கியமாகின்றன. இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிச் செங்குத்தாக மடங்கி நிற்பதால், பூச்சிகள் போதாத இடத்தில் கையால் மகரந்தச்சேர்க்கை செய்ய வேண்டியிருக்கும். கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் காலையில் ஒவ்வொரு பூவையும் கை எட்டித் தொட முடியாது. ஆள் நடமாட வரிசைக்கு வரிசை இடம் விட்டு, கை எட்டும் உயரத்தில் பந்தல் அமைத்தவர்களுக்குக் காய் பிடிப்பு அதிகம். செடியின் எல்லாப் பகுதிகளும் கடும் நச்சு என்பதால், கிழங்கைக் கையாளும்போது கையுறை அணியுங்கள், குழந்தைகளையும் கால்நடைகளையும் அண்டவிடாதீர்கள்.


மறுமொழி – எழுதியவர்: புதுவயல்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் புரிந்துகொண்டபடி, எந்த உறுப்பு எனக்கு வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிச் சென்று நடவு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூர்க்கனையும் நிலவேம்பையும் நீங்கள் சொன்னபடியே நட முடிவு செய்துவிட்டேன். அமுக்கராவில் மட்டும் ஆணிவேர் அவர்களும் குழித்தட்டு அவர்களும் வேறுபடுவதால், என் நிலத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வயலின் ஒரு பாதியில் நேரடி விதைப்பு, மறுபாதியில் குழித்தட்டு நாற்று என்று வைத்து அறுவடையில் எடைபோட்டால் போதுமா?


மறுமொழி – எழுதியவர்: ஒப்பீட்டுத்திடல்

போதாது. வயலை இரண்டாகப் பிரித்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு நடவு முறைகளையா, வயலின் இரண்டு பாதிகளையா என்று பிரித்தறிய வழியில்லை. வாய்க்காலுக்கு அருகில் உள்ள பாதிக்கு நீர் முதலில் கிடைக்கும். சரிவின் கீழ்ப்பக்கத்தில் வண்டல் சேர்ந்திருக்கும். இந்த வேறுபாடு நடவு முறையின் வேறுபாட்டைவிடப் பெரியதாகக்கூட இருக்கலாம்.

வயலின் நீளவாக்கில் நான்கு பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு பாத்திகள் வேண்டும்: ஒன்றில் நேரடி விதைப்பு, ஒன்றில் நாற்று. எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதை ஒவ்வொரு பகுதிக்கும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பாத்தி 3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் இருந்தால், 30 சென்டிமீட்டர் இடைவெளியில் பத்து வரிசைகள் வரும். இரண்டு முறைகளுக்கும் வரிசை இடைவெளியும் செடி இடைவெளியும் ஒன்றாகவே இருக்கட்டும். நாற்றை 60 சென்டிமீட்டரிலும் விதையை 30 சென்டிமீட்டரிலும் வைத்து ஒப்பிட்டுவிட்டு, ‘நாற்று நடவில் வேர் பருமன்’ என்று சொல்பவர்கள் இடைவெளியின் விளைவை நடவு முறையின் கணக்கில் எழுதுகிறார்கள்.

அறுவடையின்போது பாத்தியின் இருபுறமும் ஒவ்வொரு வரிசையையும், நீளவாக்கில் இரு முனைகளிலும் 30 சென்டிமீட்டரையும் தனியே ஒதுக்கிவிடுங்கள். ஓரச்செடிக்கு ஒளியும் நீரும் கூடுதலாகக் கிடைப்பதால் அதன் வேர் நடுச்செடியைவிடப் பருத்திருக்கும். சிறு பாத்தியில் ஓரச்செடிகளின் பங்கு அதிகம் என்பதால், அவற்றைச் சேர்த்து எடைபோட்டு எக்டேருக்குப் பெருக்கினால் எந்த வயலும் தராத ஒரு பெரிய எண் கிடைக்கும். ஒதுக்கியது போக எட்டு வரிசை, அதாவது 2.4 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமான 8.16 சதுர மீட்டர் மிஞ்சும். அதில் கிடைத்த உலர் எடையை 1225 ஆல் பெருக்கினால் எக்டேர்க் கணக்கு வந்துவிடும்.

எடையைப் பச்சையாகப் போட வேண்டாம். நீர் பாய்ச்சிய மறுநாள் பிடுங்கிய வேரும் ஒரு வாரம் கழித்துப் பிடுங்கிய வேரும் பச்சை எடையில் வேறுபடும். கழுவி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்தி, அடுத்தடுத்த இரு நாட்களில் எடை மாறாமல் நிற்கும் வரை பொறுத்துப் பிறகு குறியுங்கள். அதோடு நான்கு விவரங்களைப் பாத்திவாரியாக எழுதிவையுங்கள்: விதைத்த அல்லது நட்ட 30 ஆம் நாளில் நிற்கும் செடிகளின் எண்ணிக்கை, களை எடுக்கச் செலவான ஆள்நேரம், கவைத்த வேர்களின் எடை, நேரான வேர்களின் எடை. குழித்தட்டு அவர்கள் சொன்ன எண்ணிக்கைக் கவலையும் ஆணிவேர் அவர்கள் சொன்ன வடிவக் கவலையும் இந்த நான்கில் அடங்கிவிடும். நேரடி விதைப்பில் எண்ணிக்கை குறைந்தும் நேரான வேரின் எடை கூடியும் இருந்தால், உங்களுக்கு எது முக்கியம் என்பதை அந்த எண்களே காட்டும்.

வயதுக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழித்தட்டு நாற்று வயலுக்கு வரும்போதே அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகியிருக்கும். நட்ட நாளிலிருந்து எண்ணினால் நாற்றுப்பயிர் மூத்ததாகிவிடும். அந்த மூப்புக்குரிய எடையை நடவு முறையின் பயனாகத் தவறாக எண்ணிவிடுவோம். எனவே இரண்டையும் ஒரே நாளில் விதையுங்கள், ஒன்றைத் தட்டில், ஒன்றை வயலில். அறுவடையும் ஒரே வளர்ச்சிக்கட்டத்தில் இருக்கட்டும்: கீழ் இலைகள் காய்ந்து, பழங்கள் சிவந்து, விதைத்ததிலிருந்து 150 முதல் 180 நாள் ஆனபோது. ஒரு முறையின் பயிர் மற்றதைவிட முன்னதாக அந்தக் கட்டத்துக்கு வந்தால், அந்தப் பாத்திகளை அப்போதே எடுத்துவிட்டு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலம் எத்தனை நாள் முன்னதாக விடுபடுகிறது என்பதும் சாகுபடியாளருக்குப் பயனுள்ள தகவல்தான்.


மறுமொழி – எழுதியவர்: ஆணிவேர்

ஒப்பீட்டுத்திடல் அவர்கள் வகுத்துத் தந்த முறை மிகச் சரியானது. அதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் உலர்ந்த வேரில் ஒரு சிறு மாதிரியை எடுக்கும்போது, பருத்த வேரை மட்டுமோ மெலிந்த வேரை மட்டுமோ எடுக்காமல், எல்லா அளவிலும் கலந்து எடுத்து, பாத்தி எண் எழுதிய காகிதப் பையில் ஈரம் படாமல் வையுங்கள். எட்டுப் பாத்திகளின் மாதிரிகளையும் ஒரே நேரத்தில் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பி, அமுக்கரா வேரின் மருந்துக்கூறான வித்தனோலைடு அளவைக் கேளுங்கள். வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு முறையில் அளப்பதால் வரும் வேறுபாட்டை நடவு முறையின் மீது ஏற்றிவிடக் கூடாது. எட்டுக்கும் சோதனை செய்ய இயலாவிட்டால், ஒரே முறையில் நட்ட நான்கு பாத்திகளின் மாதிரிகளைச் சம எடையில் பொடித்துக் கலந்து, முறைக்கு ஒன்றாக இரண்டு மாதிரிகளை அனுப்பலாம். பாத்திக்குப் பாத்தி உள்ள ஏற்ற இறக்கம் அதில் தெரியாமல் போகும் என்றாலும், இரண்டு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் அது தெரிந்துவிடும்.